கருப்பு வெள்ளையின் நடுநிலை

கருப்பு வெள்ளைப் படத்தில் நிறத்திற்கு இடமேயில்லை என்று நம்மிற் பலர் கருதுவர். வீட்டிலுள்ள இங்க்ஜெட் அச்சுப்பொறியில் அத்தகைய படமொன்றை அச்சிட்டுப் பார்ப்போர்க்கு அக்கருத்தின் பிழை புலனாகும். முன்னோர் முகம் ஒரு வீட்டிற் பச்சை பாய்ந்தும், மற்றொரு வீட்டிற் செந்நீலம் படர்ந்தும் வெளிவருகின்றது. இதனைச் சிறு குறையென்று ஒதுக்குதல் தகாதென்பதே என் கருத்து.

ஜெகதாப்பட்டினம் போன்ற பாக்கு நீரிணைக் கரையூர்களில் இது மிகவுங் கருதற்பாலது. உப்புக் காற்றும் ஈரமும் பழம் புகைப்படங்களை விரைவிற் கெடுத்துவிடும். பாட்டனாரின் ஒரே படம் பூஞ்சை பிடித்து மறையுமுன் அதனை ஸ்கேன் செய்து அச்சிட்டு வைத்தல் இல்லத்தார் கடன். மூலம் அழிந்தபின் பேரப்பிள்ளைகள் அறியும் முகம் அவ்வச்சிலுள்ள முகமே.

சாயல் நேர்வதற்குக் காரணம் யாது? வீட்டு அச்சுப்பொறிகள் பலவற்றில், பளபளப்பான புகைப்படத் தாளைத் தெரிந்துகொண்டால், கரிய மை ஒதுங்கி நிற்கும். சயான், மெஜந்தா, மஞ்சள் என்னும் மூன்றன் கலவையே சாம்பலாகும். இவற்றுள் ஒன்று இம்மியளவு மிகினும் சாம்பல் அதன்பாற் சாய்ந்துவிடும். கரிய மை ஒன்றனையே கொள்ளினும் இடர் முற்றும் நீங்காது. கரித்தூளாலாகிய மை இயல்பிலேயே சற்றுப் பழுப்புடையது. மேலும், பகலொளியிற் செவ்வையாய்த் தோன்றும் கலவைச் சாம்பல் குழல்விளக்கின்கீழ்ப் பச்சையாகக் காணப்படலாம். கண்ணோ எச்சாயலுக்குஞ் சிறிது நேரத்திற் பழகிவிடும். ஆகலின் கண்ணை மட்டும் சான்றாகக் கொள்ளாது அளந்தறிதல் வேண்டும்.

அம்முறை அரிதன்று. நிறக்கட்டங்களும், வெண்மைமுதற் கருமைவரை நெருங்கிய சாம்பற் படிகளும் அமைந்த அட்டவணையை, அச்சுப்பொறி தானே செய்யும் நிறத் திருத்தத்தை நிறுத்தி அச்சிடல் வேண்டும். ஒருநாள் உலரவிட்டு, நிறமளக்குங் கருவியாற் கட்டந்தோறும் அளக்க வேண்டும். சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 1976-இல் வகுத்த அளவைப்படி, ஏ, பி என்னும் இரண்டு எண்களும் சுழியை அணுகின் அது சாயலற்ற சாம்பலாம். அவ்வளவுகளைக் கொண்டு, அச்சுப்பொறியின் சாய்வை நேர்செய்யும் ‘புரொபைல்’ என்னுங் கோப்பினை, ஆர்கில் போன்ற விலையில்லா மென்பொருளே ஆக்கித் தரும். மையையோ தாளையோ மாற்றின் மீண்டும் அளத்தல் இன்றியமையாதது.

“பழைய படங்களே பழுப்பல்லவோ?” என்று வினவுவாருமுளர். மெய்யே. சென்னை மாகாண அரசினரின் புகைப்படக்காரராயிருந்த லின்னேயஸ் டிரைப் என்பார் 1858-இற் புதுக்கோட்டையைப் படமெடுத்த காலத்து, வெள்ளியுப்புத் தாள்கள் பழுப்பும் ஊதாவுமான சாயலையே தந்தன. அது அத்தொழிலின் இயல்பு. நம் அச்சுப்பொறியின் பச்சையோ எவருங் கருதாது நேர்ந்த விபத்து. பழுப்பை விரும்புவோரும் முதலில் நடுநிலையை எய்துக. பின்னரே வேண்டிய சாயலை வேண்டிய அளவிற் சேர்த்தல் கூடும்.

இனி, நிறமளக்குங் கருவியை மாணவர் ஒவ்வொருவரும் வாங்குதல் இயலாது. ஆண்டிற்கு ஓரிருமுறையே அது ஒருவர்க்குத் தேவைப்படும். ஆதலின் நமது கல்லூரி நூலகம் ஒன்றனை வாங்கி, நூல் இரவல் கொடுப்பதுபோலவே மாணவர்க்குங் கொடுத்துதவல் வேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒருவர் அதனைக் கொண்டுசெல்வாராயின், ஒரு தெருவின் முன்னோர் படங்களெல்லாம் மெய்யான சாம்பலில் மீளும். நிருவாகத்தார் இதனை ஆய்ந்து ஆவன செய்வாராக.