சிறிய துப்பாக்கி எளிதானதா?

ஆசிரியர்களே, பெற்றோர்களே! ஒற்றைக் கையால் சாய்த்துச் சுடும் திரைநாயகனைக் கண்டு, துப்பாக்கி சிறிதானால் சுடுவதும் எளிது என்று நம் பிள்ளைகள் எண்ணிவிட்டார்கள். உண்மை நேர்மாறானது. குறுங்குழல் ரிவால்வரின் எடை குறைவு. ஆகவே உதைப்பு முழுவதும் உள்ளங்கையில் இறங்கும். பிடியோ சுண்டுவிரலுக்கு இடம் தராது. இரு கைகளாலும் பிடியின் உச்சியை இறுகப் பற்றி, கடினமான விசையை நேராக இழுத்தால்தான் குறி ஓரளவேனும் நிற்கும்.

2013 டிசம்பர் 8 இரவு, லிட்டில் இந்தியாக் கலவரத்தின்போது நம் காவலர்களின் இடுப்பில் இருந்தது இத்தகைய ஐந்து தோட்டா டாரஸ் ரிவால்வர்தான். கற்கள் பறந்தன, வாகனங்கள் எரிந்தன. ஒரு தோட்டாகூடச் சுடப்படவில்லை. அதைக் கோழைத்தனம் என்கிறார்கள் சிலர்! அந்த நெரிசலில், நடுங்கும் கையிலிருந்து புறப்படும் தோட்டா யாரைத் துளைத்திருக்கும்? பெரும்பாலும் ஊரிலிருந்து பிழைக்க வந்த ஒரு தொழிலாளியை. கட்டுரை வகுப்பில் இதை எழுதச் சொல்லுங்கள். திரைநாயகன் புகழ் பாடியது போதும்.