அசல் மெழுகு, நகலுக்கு 320 கோடி ரூபாய்!

பாரிஸ் ஏழைச் சிறுமியின் சிலைக்கு வந்த வாழ்வு

அமெரிக்காவின் தலைநகர் வாஷிங்டன். அங்குள்ள தேசியக் கலைக்கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நாட்டியச் சிறுமியின் சிலை நிற்கிறது. உயரம் மூன்றேகால் அடிதான்.

2023 ஏப்ரல் 27-ந் தேதி இருவர் வந்தார்கள். கண்ணாடியின் மேலும் பீடத்தின் மேலும் சிவப்பு, கறுப்புச் சாயத்தைப் பூசினார்கள். பூமி சூடாவதைத் தடுக்கக் கோரி அவர்கள் நடத்திய கிளர்ச்சி அது. நல்ல வேளை! கண்ணாடி சிலையைக் காப்பாற்றியது.

உள்ளே இருப்பது மெழுகுச் சிலை. அதுதான் அசல். மற்ற ஊர்களில் இருப்பவை பெரும்பாலும் வெண்கல நகல்கள்.

யார் இந்தச் சிறுமி?

பெயர் மேரி. 1865-ல் பிறந்தவள். தாய் துணி வெளுப்பவள். பாரிஸ் நகரின் பெரிய நாட்டிய அரங்கில் மேரி ஆடப் பழகினாள். அவளைப் பார்த்து ஓவியர் டேகா இந்தச் சிலையைச் செய்தார். நிஜத் துணியில் பாவாடை, நிஜ முடி, காலில் நிஜச் செருப்பு!

1881-ல் கண்காட்சியில் வைத்தார். "குரங்கு முகம்" என்று ஏளனம் செய்தார்கள். டேகா அதைத் திரும்ப எடுத்துச் சென்றுவிட்டார். சிலை விலை போகவில்லை. மறு வருஷமே மேரிக்கும் வேலை போயிற்று. வகுப்புக்கு ஒழுங்காக வரவில்லை என்பது காரணம்.

நகல் பிறந்தது எப்படி?

1917-ல் டேகா காலமானார். வாரிசுகளின் சம்மதத்துடன் ஒரு வார்ப்படச் சாலை அச்சு எடுத்து, வெண்கலத்தில் சிலைகளை வார்த்தது. பாரிஸ், லண்டன், நியூயார்க் காட்சிசாலைகளில் இருப்பவை இப்படி வந்தவையே. டேகா இவற்றில் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை!

2022-ல் நியூயார்க்கில் ஒரு வெண்கலச் சிலை ஏலத்துக்கு வந்தது. விலை 4 கோடியே 16 லட்சம் டாலர். அன்றைய கணக்கில் சுமார் 320 கோடி ரூபாய்.

இது மோசடியா?

இல்லை. மெழுகு எளிதில் கெடும். ஊர் ஊராகக் கொண்டுபோக முடியாது. நகல் இருப்பதால்தான் பல நாட்டு மக்கள் இவளைக் காண்கிறார்கள். அது நன்மையே.

ஆனால், உண்மையைச் சொல்லிக் காட்ட வேண்டும். "கலைஞர் இறந்த பின் வார்த்தது" என்று சிலையின் கீழ் எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டும். பிள்ளைகளோடு காட்சிசாலைக்குப் போகிறவர்களும் அந்தச் சீட்டைப் படித்துக் காட்ட வேண்டும்.

அதில் இன்னொரு பெயரும் வேண்டும். டேகாவின் பெயருக்குப் பக்கத்தில், மேரியின் பெயர்!