ஆயிரத்து எழுநூறை நூறால் வகுக்காதீர்கள்

சைக்கிளில் வெளிநாடு சுற்றப் போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது "என்ன சைக்கிள்?" அடுத்தது "மொத்தம் எத்தனை கிலோமீட்டர்?" என்னைக் கேட்டால் இரண்டையும் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது "கையில் எத்தனை நாள் இருக்கிறது?" என்பதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். பி.காம். கடைசித் தேர்வுக்கும் வேலையில் சேரும் தேதிக்கும் நடுவே எங்களில் நாலு பேருக்கு மே, ஜூன் என்று இரண்டு மாதம் கிடைக்கிறது. இதை விட்டால் சேர்ந்தாற்போல் இரண்டு மாதம் கிடைக்க ரிட்டயர் ஆக வேண்டும் (அப்போது முழங்கால் ஒத்துழைக்காது). வியட்நாம் என்று முடிவு செய்தாயிற்று. நீளவாக்கில் கிடக்கும் நாடு. நடுவில் குவாங் பின் பக்கம் அகலம் சுமார் 50 கிலோமீட்டர்தான். ஹனோய்க்கும் ஹோ சி மின் நகருக்கும் (பழைய சைகோன்) இடையே ரயில் பாதை 1,726 கி.மீ. சாலையிலும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

நண்பன் ஒருவன் கால்குலேட்டர்கூட எடுக்காமல் கணக்கை முடித்தான். "ஆயிரத்து எழுநூறு. ஒரு நாளைக்கு நூறு. பதினேழு நாள்டா மச்சி. மிச்ச நாள் வீட்ல தூங்கலாம்."

வகுத்தல் சரிதான். ஆனால் கணக்குப்பதிவியலில் மூன்று வருடம் படித்த முன்னெச்சரிக்கைக் கொள்கையை இதற்குள் மறந்துவிட்டான். வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கு, வரக்கூடிய லாபத்தை வந்த பிறகு எழுது என்பதுதானே அது? இவன் திட்டத்தில் காற்றுக்கு ஒதுக்கீடு இல்லை, வெயிலுக்கு இல்லை, வயிற்றுக் கோளாறுக்கு இல்லை. முக்கியமாக, ஓர் ஊர் பிடித்துப்போய் இன்னொரு நாள் தங்குவதற்கு இல்லை.

காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் வியட்நாம் பயணக் குறிப்புகளில் பல ஹனோயில் தொடங்கித் தெற்கே இறங்குகின்றன. குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு அதுதான் வசதி. டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். அதே வரைபடத்தை நகலெடுத்துக்கொண்டு ஜூனில் போனால் கதை மாறிவிடும். அப்போது தென்மேற்குப் பருவக்காற்று. ஆகவே நாங்கள் தெற்கே தொடங்கி வடக்கே ஏறப்போகிறோம்.

ஜூனில் இன்னொரு சங்கதியும் உண்டு. லாவோஸ் பக்கமிருந்து வரும் காற்று ட்ருவோங் சோன் மலைத்தொடரின் மேற்குச் சரிவில் ஈரத்தைக் கொட்டிவிட்டு, கிழக்கே அனலாக இறங்குகிறது. கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு நம் பக்கம் வறண்டு வருகிற காற்றுக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். வியட்நாமியர்கள் அதை லாவோஸ் காற்று என்றே சொல்கிறார்கள். குவாங் ட்ரி, ஹா தின், ஙே ஆன் பக்கம் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. அங்கே காலை ஐந்து மணிக்குக் கிளம்பிப் பத்து மணிக்குள் நிறுத்திவிட வேண்டும். ஐந்து மணி நேரத்தில், சுமையோடு, டீக்கும் பங்க்சருக்கும் நிறுத்தி, எத்தனை கிலோமீட்டர் வரும்? நூறு வராது.

வெயில் வேண்டாம் என்று செப்டம்பருக்கு மேல் தள்ளிப்போட்டால் நாட்டின் நடுப்பகுதியில் மழைக்காலம். 2020 அக்டோபரில் அங்கே அடுத்தடுத்து வந்த புயல்களிலும் வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மாதங்களில் சைக்கிளில் போவதை நான் வீரம் என்று சொல்லமாட்டேன்.

என் கணக்கு இது. சுற்றுவழிகளையும் சேர்த்து 2,000 கி.மீ. ஒரு நாளைக்கு 65. அப்படியானால் 31 நாள் மிதிப்பது. ஐந்து நாளுக்கு ஒரு ஓய்வு என்று 6 நாள். இரண்டு முனையிலும் சைக்கிளைப் பூட்டவும் பிரித்துப் பெட்டியில் கட்டவும் 3 நாள். எதிர்பாராததற்கு 5 நாள். ஆக 45. "அஞ்சு நாள் சும்மா வேஸ்ட்" என்கிறான் அவன். வேஸ்ட் இல்லை அப்பா, அதற்குப் பெயர் ரிசர்வ். மி சோனில் சாம்பா அரசர்கள் கட்டிய சிவன் கோயில்களை வேறு எப்போது பார்ப்பதாம்?

நிற்க. பணத்தைப் பற்றிப் பேசாவிட்டால் காமர்ஸ் மாணவன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. விமானம், விசா, காப்பீடு, சைக்கிள் பெட்டிக்கான கட்டணம் எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய் வைத்திருக்கிறேன். பதினேழு நாள் போனாலும் நாற்பத்தைந்து நாள் போனாலும் இது மாறாத செலவு. அங்கே போனபின் அறையை இருவர் பங்கிட்டு, தெருக்கடையில் சாப்பிட்டால் ஒரு நாளைக்கு 1,200 ரூபாய் போதும் என்பது என் மதிப்பீடு. ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங். முதல் நாள் எல்லோரும் கோடீஸ்வரர்கள்தான் :-) பதினேழு நாளுக்கு 20,400. நாற்பத்தைந்து நாளுக்கு 54,000. வித்தியாசம் 33,600. இரண்டு வருடம் டியூஷன் எடுத்துச் சேர்த்த எனக்கு அது சின்னத் தொகை இல்லை.

அந்த 33,600 எங்கிருந்து வரும்? இங்கேதான் "என்ன சைக்கிள்?" என்ற கேள்வி திரும்ப வருகிறது. நண்பன் 45,000 ரூபாய்க்கு ஒரு புது வண்டி பார்த்து வைத்திருக்கிறான். நான் அண்ணன் ஓட்டிய பழைய ஸ்டீல் சைக்கிளுக்கு டயர், செயின், பிரேக் கட்டை மாற்றி, நல்ல கேரியர் ஒன்று போடப்போகிறேன். 7,000 ரூபாய். மிச்சப் பணத்தில் நாட்கள் வாங்கிக்கொள்ளலாம். புது வண்டி விருப்பம் இருக்கிறவர் வாங்கட்டும், ஆனால் நாட்களைக் குறைத்து வாங்கினால் அது முட்டாள்தனம். சாதாரண சைக்கிளை ரிப்பேர் செய்ய வியட்நாமில் சாலையோரத்தில் ஆள் கிடைப்பார். விலை உயர்ந்த கியருக்கு உதிரிபாகம் சின்ன ஊரில் கிடைக்கும் என்று நான் நம்பமாட்டேன். 1954-ல் டியன் பியன் பூ போருக்கு மலைவழியே சாமான் கொண்டுபோனவை சுமார் 20,000 சைக்கிள்கள். மூங்கில் கட்டி, 200 கிலோவுக்கு மேல் ஏற்றி, தள்ளிக்கொண்டே போனார்கள். அவற்றில் பல பிரான்ஸில் செய்த பியூஜோ வண்டிகள். தோற்றதும் பிரான்ஸ்தான்!

எதை இறுக்கமாகத் திட்டமிட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. விசா இறுக்கமாக இருக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 15-லிருந்து மின்-விசா 90 நாள் வரை தருகிறார்கள். ஒருமுறை நுழைய 25 டாலர். எந்த வழியாக நுழைகிறோம், எங்கே வெளியேறுகிறோம் என்று விண்ணப்பத்திலேயே கேட்கிறார்கள். ஆகவே தெற்கா வடக்கா என்ற முடிவு அதற்கு முன்பே வேண்டும். காப்பீடும் அப்படித்தான். அங்கே வண்டிகள் வலப்பக்கம் போகும். அதனால் கண்ணாடியை இடது கைப்பிடிக்கு மாற்ற வேண்டும் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒவ்வோர் இரவும் எந்த ஊர் என்று நாற்பத்தைந்து அறைகளை முன்கூட்டியே பதிவு செய்வது வேண்டாத வேலை. "ராத்திரி எங்கேடா தங்குவ?" என்று அம்மா கேட்டதற்கு என் பதில்: ஞா ஙி. வழியோர எளிய விடுதிக்கு வியட்நாமிய மொழியில் அதுதான் பெயர். (நம் ஙகர வரிசைக்கு ஒருவழியாக வேலை கிடைத்தது.) நெடுஞ்சாலை ஊர்களில் நிறைய உண்டு. வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் பதிவு செய்ய வேண்டும், அதனால் பாஸ்போர்ட் கேட்பார்கள். கண்ட இடத்தில் கூடாரம் அடிக்கும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. எங்களில் ஒருவன் சைவம். அவன் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே சொல் "சாய்". டீ இல்லை, சைவச் சாப்பாடு. ஒரேயொரு இடத்தில் மட்டும் இந்தத் தைரியம் செல்லாது. ஹோ சி மின் நெடுஞ்சாலையின் மேற்குக் கிளையில் கே சானுக்கும் ஃபோங் ஞாவுக்கும் இடையே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஊர்கள் மிகக் குறைவு. அழகான சாலை என்கிறார்கள். நாங்கள் போகவில்லை.

முடியாமல் போனால் ரயில் இருக்கிறது. சைக்கிளைச் சரக்காகப் போட்டு அனுப்பலாம். சில சமயம் நாம் ஒரு ரயிலிலும் சைக்கிள் அடுத்த ரயிலிலும் வருமாம். அதற்கும் ரிசர்வில் இடம் இருக்கிறது.

இதற்கிடையில் நாலு பேரில் ஒருவனுக்கு வேலையில் சேரும் தேதி முன்னால் வந்துவிட்டது. அவனிடம் 25 நாள்தான். "அப்ப நூறு நூறா ஓட்டிடலாம்" என்று பழைய கணக்கே மறுபடி கிளம்பியது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. சைகோனிலிருந்து ஹுவே வரை ரயில் கணக்கில் 1,038 கி.மீ. 65 வீதம் 16 நாள், ஓய்வு 3, இரு முனைக்கும் 3, ரிசர்வ் 3. சரியாக 25. அங்கிருந்து ரயிலில் டா நாங் திரும்பி விமானம் ஏறிவிடலாம். "பாதி நாடுதானே" என்று அவனுக்குக் கொஞ்சம் வருத்தம். டா நாங்கைத் தாண்டி 496 மீட்டர் உயரத்துக்கு ஏறும் ஹாய் வான் கணவாய் (2005-ல் சுரங்கப்பாதை திறந்த பிறகு லாரிகள் பெரும்பாலும் மலைக்குள்ளே போய்விடுகின்றன, சைக்கிளுக்குச் சுரங்கத்தில் அனுமதி கிடையாது, மேலே கடலைப் பார்த்துக்கொண்டே ஏறலாம்) அவனுடைய பாதியில்தான் வருகிறது என்று காட்டினேன். நேற்று அவன் விசாவுக்குப் புகைப்படம் எடுத்துக்கொண்டான்.