விழுங்கிய மாத்திரைக்கு விசாரணை இல்லையா?

காய்ச்சலா? நேராக மருந்துக் கடை! சீட்டு இல்லாமலே நான்கு மாத்திரைகள் வாங்கி விழுங்குகிறோம். உடம்பில் தடிப்பு வந்தால் 'சூடு' என்கிறோம். கண் மஞ்சளானால் கீழாநெல்லி தேடுகிறோம். விழுங்கிய மாத்திரையை மட்டும் சந்தேகிப்பதில்லை. அரசு அனுமதித்த மருந்தாயிற்றே!

அந்த அனுமதி எப்படிக் கிடைக்கிறது? முதலில் விலங்குகளிடம், பிறகு மூன்று கட்டங்களாக மனிதர்களிடம் மருந்தைச் சோதிக்கிறார்கள். அந்த மனிதர்கள் பெரும்பாலும் சில ஆயிரம் பேர்தான். பத்தாயிரத்தில் ஒருவரைத் தாக்கும் கேடு, மூவாயிரம் பேரிடம் தென்படாமலே போய்விடலாம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியோரும் இச்சோதனைகளில் குறைவு. ஆக, பெரிய சோதனை கடைக்கு வந்த பிறகே தொடங்குகிறது. அதில் சோதிக்கப்படுபவர்கள் நாம்தான்!

1957-ல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு விற்பனைக்கு வந்தது. ஆபத்தில்லாத தூக்க மருந்து என்றார்கள். கர்ப்பிணிகளும் மசக்கைக்குச் சாப்பிட்டார்கள். கை கால் வளராத குழந்தைகள் பிறந்தன. விடுகிண்ட் லென்ஸ் என்ற குழந்தை மருத்துவர் தாய்மார்களைத் தேடிச் சென்று விசாரித்தார். 1961 நவம்பரில் அவர் எச்சரித்த பிறகே அங்கே விற்பனை நின்றது. அதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டனர். தாய்மார்கள் வாய் திறந்ததால்தான் உண்மை வெளியே வந்தது.

நம் நாட்டின் நிலை என்ன? நிமிசுலைடு கல்லீரலைக் கெடுக்கலாம் என்று பின்லாந்தும் ஸ்பெயினும் 2002-லேயே அதை நிறுத்தின. இந்தியாவில் 12 வயதுக்குட்பட்டோருக்குத் தடை வந்தது 2011-ல்! ஒன்பது ஆண்டுகள் நம் பிள்ளைகளுக்கு அது கொடுக்கப்பட்டது. பின்லாந்துப் பிள்ளையின் கல்லீரல் உசத்தி, நம் பிள்ளையின் கல்லீரல் மட்டமா?

பாதிப்புகளைப் பதிவு செய்ய 2010 முதல் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. 1800 180 3024 என்ற எண்ணில் கட்டணமின்றி நோயாளியே புகார் சொல்லலாம். மருந்து சாப்பிட்ட எத்தனை நாளில் கோளாறு வந்தது, நிறுத்தியதும் குறைந்ததா, வேறு நோய் காரணமா என்று நிபுணர்கள் ஆராய்வார்கள். ஒருவர் சொன்னால் அது வெறும் சந்தேகம். பல ஊர்களிலிருந்து ஒரே புகார் வந்தால் அது எச்சரிக்கை மணி!

ஆனால் இந்த எண் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் மருந்துக் கடையிலும் இதைத் தமிழில் எழுதி வைக்க அரசுக்கு என்ன தயக்கம்?

மருந்தே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். பயந்துபோய் மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்துவதும் ஆபத்தே. மாத்திரை அட்டையையும் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். கோளாறு கண்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பதிவு செய்யச் சொல்லுங்கள். நமது மௌனம் நாளை இன்னொரு வீட்டுக் குழந்தையைப் பாதிக்கலாம்!