எலியின் குடலில் யார் தங்கலாம்?

‘நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவது எப்படி?’ கொரோனா காலத்திலிருந்து வீடுதோறும் கேட்கும் கேள்வி இது. கூட்டினால் நல்லதுதானா என்று யாரும் கேட்பதில்லை. இந்த வாரம் சுண்டெலியின் குடல்வரை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பயப்படாதீர்கள், நாற்றம் எதுவும் இல்லை!

சுண்டெலிக்கும் சரி, நமக்கும் சரி, சிறுகுடலின் உட்சுவரில் நுண்ணிய குழிகள் உண்டு. அவற்றின் அடியில் இருப்பவை ‘பனெத்’ செல்கள். 1888-ல் இவற்றை விரிவாக விவரித்த ஆஸ்திரிய உடலியலாளர் ஜோசப் பனெத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். இந்தச் செல்கள் ‘டிஃபென்சின்’ என்ற குட்டிப் புரதங்களைச் சுரக்கின்றன. பாக்டீரியாவின் உறையைத் துளைத்துக் கொல்வதுதான் இவற்றின் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அது மட்டுமல்ல என்று காட்டியது, 2010-ல் ‘நேச்சர் இம்யூனாலஜி’ இதழில் வந்த ஆய்வு. மனிதக் குடலில் சுரக்கும் ஒரு டிஃபென்சினின் மரபணுவைச் சுண்டெலிகளுக்குள் வைத்துப் பார்த்தார்கள். குடல் பாக்டீரியாக்களின் மொத்த எண்ணிக்கை மாறவில்லை. ஆனால், யார் யார் இருக்கிறார்கள் என்பது மாறிவிட்டது. நூல்போல நீண்டு, குடல் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு வாழும் ஒரு வகை பாக்டீரியா காணாமல் போயிருந்தது. கூடவே, ‘இன்டர்லூக்கின்-17’ என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கும் டி செல்களும் குறைந்திருந்தன.

இரண்டுக்கும் என்ன தொடர்பு? அந்த நூல் பாக்டீரியா சுவரில் ஒட்டியதும், குடல் செல்களில் சில மரபணுக்கள் சுறுசுறுப்பாகின்றன. சேதி டி செல்கள்வரை போகிறது. அங்கே இன்டர்லூக்கின்-17 மரபணு வேலையைத் தொடங்குகிறது. ஒட்டுவதற்கு ஆள் இல்லையென்றால் சேதியும் இல்லை. அதாவது, இங்கே ஸ்விட்சைப் போடும் ஆளையே டிஃபென்சின் வீட்டைவிட்டு அனுப்பிவிட்டது!

அனுப்பியது நல்லதா, கெட்டதா? இங்கேதான் சிக்கல். சுண்டெலிகளின் பெருங்குடலைத் தாக்கும் ‘சிட்ரோபாக்டர்’ என்ற கிருமியை, இந்த நூல் பாக்டீரியா உள்ள சுண்டெலிகள் நன்றாகவே சமாளிக்கின்றன. ஆனால், மூட்டுவாதம் வரும்படி மரபிலேயே அமைந்த சுண்டெலிகளில் அதே பாக்டீரியாதான் நோயைத் தூண்டிவிடுகிறது. எதிர்ப்பு சக்தி ‘கூடினால்’ நல்லது என்று எதை வைத்துச் சொல்வது?

நம் கதைக்கு வருவோம். குடலில் புண்ணும் வீக்கமும் உண்டாக்கும் கிரோன் நோய், சிலருக்குச் சிறுகுடலின் கடைப்பகுதியைத் தாக்கும். அவர்களுடைய பனெத் செல்களில் டிஃபென்சின் குறைந்திருப்பதை 2005-லேயே ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அந்தக் குறைவால் நோய் வந்ததா, நோயால் அது குறைந்ததா என்ற வாதம் அப்போதே தொடங்கிவிட்டது.