எழுவாய் இல்லாத ஓய்வு

"கழுத்துல ஆபரேஷன் பண்ணிட்டு வந்தவ, முதுகு வலிக்குதுங்கிறா." மாமியார் யாரிடமோ போனில் சொன்னது அடுக்களைவரை கேட்டது. அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆறாவது வாரம் மருத்துவரும் இதையேதான் கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னார். தகடும் திருகாணிகளும் வைத்த இடத்தில் இருக்கின்றன, கழுத்து நன்றாகச் சேர்ந்து வருகிறது, முதுகு வேறு விஷயம். "நாற்பத்தாறு ஆகுதுல்ல மேடம். மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க."

முதுகு வேறு விஷயம் அல்ல. கழுத்தில் நைந்துபோன வட்டை எடுத்துவிட்டு, அதன் மேலும் கீழும் இருக்கும் எலும்புகளை ஒன்றாக ஒட்டவிடுவதுதான் இந்தச் சிகிச்சை. ஒட்டி முடிய மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடமும் ஆகும். காலருக்குள் கிடந்த தசைகள் அதற்குள் தளர்ந்துவிடும். தோள்பட்டைகளுக்கு நடுவே வலிப்பது பலருக்கும் உள்ளதுதான். அதற்கும் கீழே, இடுப்பில் எனக்கு வந்த வலிக்கு ஸ்கேன் தேவைப்படவில்லை, விளக்குமாறு போதும். கழுத்து குனியாது. தரையோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. வாசல் பெருக்க, கோலம் போட, அரிவாள்மனையில் காய் நறுக்க, குழாயடியில் குடம் நிமிர்த்த, கழுத்து செய்ய மறுத்ததையெல்லாம் இடுப்பு செய்தது. சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் ஏறக்குறைய முப்பது. அதை நான் தூக்கவில்லை, உருட்டினேன். உருட்டுவதும் குனிந்துதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாளில் 'வீட்டு வேலைகளைத் தவிர்க்கவும்' என்று இருந்தது. இலக்கணம் நடத்துகிறவள் என்பதால் கண்ணில் பட்டது: வாக்கியத்தில் எழுவாய் இல்லை. நான் தவிர்த்தால் செய்வது யார்? காலர் இருந்தவரை என் கணவர் சோறு வடித்தார், உண்மை. காலரைக் கழற்றிய மறுநாள், "அதான் சரியாயிருச்சே" என்றார். வீட்டைப் பொறுத்தவரை என் நோய் அந்தக் காலர்தான்.

இது என் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2019இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97. 2024இல் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது, பாவம்.

புதுக்கோட்டையில் பிறந்து, இங்கே மகாராஜா கல்லூரியில் படித்து, 1912இல் மருத்துவரானவர் முத்துலட்சுமி ரெட்டி. இன்று அரசு அவர் பெயரில் தருவது மகப்பேறு நிதியுதவி. அது வேண்டும், நிச்சயம் வேண்டும். ஆனால் கருப்பையைப் பற்றி அத்தனை கேள்வி கேட்கும் மருத்துவத்துக்கு, எங்கள் முதுகெலும்பைப் பற்றிக் கேட்க ஒரு கேள்விகூட இல்லையா? 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. நல்லது. வருகிறவர் பயிற்சி சொல்லிக்கொடுத்துப் போனபின் பாத்திரம் அங்கேயேதான் கிடக்கிறது.

'மனசு' என்று சொல்லிவிடுவதில் ஆபத்தும் இருக்கிறது. இந்தச் சிகிச்சைக்குப்பின் புதிதாக வலி வந்தால் கேட்க வேண்டியவை உண்டு. கை கால் பலம் குறைகிறதா, நடை தடுமாறுகிறதா, சிறுநீர் கட்டுக்குள் இருக்கிறதா, காய்ச்சல் உண்டா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அன்றைக்கே ஓட வேண்டும். என்னிடம் ஒன்றும் கேட்கப்படவில்லை. என் வயதைச் சொன்னார்கள். அது எனக்கே தெரியும்.

அன்றிரவு தைலம் தேய்த்துவிட்டபடி மாமியார் சொன்னார்: "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணி எட்டாம் நாளு கடலைக்குக் களை வெட்டப் போனேன்." வலிக்கவில்லையா என்றேன். "வலிச்சுச்சு. கேட்டவுக யாரு?"

அடுத்த மாதம் மருத்துவரிடம் போகும்போது இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போகிறேன். காலை ஐந்தரையிலிருந்து இரவு பத்துவரை எத்தனை முறை குனிகிறேன், எதற்காகக் குனிகிறேன் என்ற கணக்கு. விடைத்தாள் திருத்துவதும் அதில் இருக்கும். கேஸ் ஷீட்டோடு சேர்த்துத் தைக்கச் சொல்வேன். இந்த முறை கணவரையும் உள்ளே அழைத்துப்போவேன்.