நல்ல ஹெட்போன் என்றால் சத்தத்தைக் குறைக்க விடவேணும்

எங்கட வட்டத்தில் புதிதாக வேலைக்குப் போகத் தொடங்கின ஒருவரிடம் "முதல் சம்பளத்தில என்ன வாங்கப்போறீர்?" என்று கேட்டால், போனுக்கு அடுத்ததாக வாற பதில் பெரும்பாலும் ஹெட்போன்தான். காசு சேர்த்து, பத்துப் பேரிடம் விசாரித்து வாங்குகிற சாமான். ஆனால் கடையில் அதைச் சோதிக்கிற விதம் வேடிக்கையானது. கடைக்காரர் சொல்லுகிற முதல் வசனம், "தம்பி, பேஸ் சும்மா அதிரும்." வாங்க வந்தவர் காதில் கொழுவுகிறார், வொலியூமை உச்சத்துக்கு ஏற்றுகிறார், அதிருகிறதா என்று பார்க்கிறார், தலையாட்டுகிறார், காசைக் குடுக்கிறார். சோதனை முடிந்தது.

இந்தச் சோதனை தலைகீழானது என்பதுதான் எங்கட வாதம். உச்ச வொலியூமில் எந்தச் சாமானும் கொஞ்ச நேரத்துக்கு நல்லாகத்தான் இருக்கும். வொலியூமை அரைவாசிக்குக் கீழே இறக்கின பிறகும் பாட்டு முழுசாகக் கேட்கிறதா என்று பார்க்கவேணும். நல்ல ஹெட்போனுக்குக் குடுக்கிற காசு, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்கிற வசதிக்காகக் குடுக்கிற காசு.

கடையில் சத்தமானதுதான் எப்பவும் வெல்லும். அதற்குக் காரணம் எங்கட காதிலேயே இருக்கிறது. சத்தம் குறைவாக இருக்கும்போது அடித்தொனியும் உச்சத்தொனியும் காதுக்குக் கூடுதலாக மங்கிப்போகும். சத்தம் ஏற ஏற அவை எழும்பி வரும். 1933இல் ஃபிளெச்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். ஆகவே இரண்டு ஹெட்போன்களை அடுத்தடுத்துக் கேட்டால், கொஞ்சம் சத்தமாகப் பாடுகிறது தரமானது மாதிரித் தோன்றும். ஒப்பிடுவதென்றால் இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிடுங்கோ. பல நேரம் முடிவு மாறிவிடும்.

இனிக் காதைப் பற்றிக் கொஞ்சம். உள்ளே நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட ஒரு சிறிய குழாய் இருக்கிறது. ஒலியை நரம்புக்கு விளங்குகிற சைகையாக மாற்றும் மயிர்க்கலங்கள் அதற்குள்தான் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு காதிலும் ஏறக்குறைய 15,000. பிறக்கும்போது கிடைத்த தொகை அவ்வளவுதான். பறவைகளுக்கு இந்தக் கலங்கள் அழிந்தால் திரும்ப முளைக்கும், மனிதருக்கு முளைக்காது. கூடின சத்தத்தில் முதலில் அடிபடுவது உச்சத்தொனிகளைப் பிடிக்கிற கலங்கள். அதனால் பாதிப்பு வந்தது கனகாலம் தெரியாது. பாட்டு கேட்கும், ஆக்கள் கதைக்கிறதும் கேட்கும். ஆனால் 'ச', 'ஸ', 'த' போன்ற மெல்லிய ஓசைகள் உதிரத் தொடங்கும். சனம் கூடின இடத்தில் "என்ன சொன்னனீங்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்க வேண்டிவரும். எழுபது வயதில் இது வந்தால் வயது போட்டுது என்று சொல்லலாம். இருபத்தெட்டில் வந்தால் என்ன சொல்லுறது?

உலகத்தில் 100 கோடிக்கும் அதிகமான இளம் ஆக்கள் பாதுகாப்பில்லாத முறையில் கேட்பதால் இந்த ஆபத்தில் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது தருகிற அளவுகோல் இது: வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபலில் கிழமைக்கு 40 மணித்தியாலம். டெசிபல் கணக்கு சந்தைக் கணக்கு மாதிரி இல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் காதுக்குள் போகிற ஒலிச்சக்தி இரட்டிக்கும், கேட்கக்கூடிய நேரம் அரைவாசியாகும். ஆகவே 90 டெசிபலில் கிழமைக்கு 4 மணித்தியாலம். 95இல் ஒன்றேகால் மணித்தியாலம். 100இல் வெறும் 20 நிமிடம், அதுவும் முழுக் கிழமைக்கும்.

இந்தக் கணக்கை எங்கட வாழ்க்கைக்குள் கொண்டுவந்து பாருங்கோ. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவு பஸ். ஏழெட்டு மணித்தியாலம். எஞ்சின் இரைச்சல், காற்று, ஹோர்ன், மேலே ஸ்பீக்கரில் ஓடுகிற படம் எல்லாம் சேர்ந்து 80 டெசிபலைச் சுற்றி நிற்கும். போனோடு வந்த ஹேண்ட்ஸ்ஃப்ரீ அந்த இரைச்சலைத் தடுக்காது. காதில் சும்மா தொங்கும், அவ்வளவுதான். அந்த இரைச்சலுக்கு மேலால் பாட்டைக் கேட்பதற்கு வொலியூமைக் கூட்டிக்கொண்டே போவோம். காதுக்குள் 90 டெசிபல் வந்துவிடும். எட்டு மணித்தியாலம் 90 டெசிபலில் என்றால், இரண்டு கிழமைக்குரிய பங்கை ஒரே இரவில் முடித்துவிட்டு கோட்டையில் இறங்குகிறோம். பிறகு அந்தக் கிழமை முழுக்க ஒஃபிசில், ரூமில், ஜிம்மில் இன்னும் கேட்கிறோம்.

இங்கேதான் நல்ல ஹெட்போனுக்கு வேலை வருகிறது. வெளிச் சத்தம் உள்ளே வராவிட்டால் உள்ளே சத்தம் கூட்டத் தேவையில்லை. இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, காதுத் துவாரத்துக்குள் ரப்பர் முனையோடு இறுக்கமாக இருக்கிற இயர்போன். ஒழுங்காகப் பொருந்தினால் வெளி இரைச்சலில் பெரும்பகுதியை அதுவே அடைத்துவிடும். பற்றரி தேவையில்லை. மற்றது நொய்ஸ் கான்சலிங். வெளி இரைச்சலை மைக்கால் பிடித்து, அதற்கு நேரெதிரான அலையை உருவாக்கி அதை அழிக்கிற முறை. 1978இல் ஒரு விமானப் பயணத்தில், எஞ்சின் இரைச்சலுக்குள் பாட்டுக் கேட்கேலாமல் இருந்த அமார் போஸ் என்ற பேராசிரியர் அந்தப் பயணத்திலேயே இதற்கான கணக்குகளைப் போடத் தொடங்கினார். எஞ்சின் மாதிரி ஒரே சீராக இரைகிற சத்தத்துக்கு இது நல்லாக வேலை செய்யும். பக்கத்து சீற் குழந்தையின் அழுகைக்கு அவ்வளவு உதவாது.

புதிதாகத் தொடங்குகிற ஆக்களுக்கு நாங்கள் சொல்லுறது முதலாவது வழியைத்தான். வயர் உள்ள, காதுக்குள் போகிற ஒரு இயர்போன். மூண்ட்ரொப் சூ, செவன் ஹேர்ட்ஸ் ஸீரோ போன்றவை 20 அமெரிக்க டொலர் அளவில் வெளிவந்தவை. இந்த விலைக்கு இவ்வளவு தெளிவா என்று ஹெட்போன் பைத்தியங்களே ஆச்சரியப்பட்டவை. "விலை குறைஞ்சது தரமா இருக்குமே?" என்று கேட்பீர்கள். 2017இல் ஜெறோன் பிறேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அடித்தொனி முதல் உச்சத்தொனி வரை ஒலியை எப்படிச் சமன்செய்து தருகிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பே இல்லை என்று வந்தது. விலை கூடக்கூட உடல், பெட்டி, பெயர், வசதிகள் எல்லாம் கூடலாம். ஒலியும் கூடவே ஏறும் என்று நம்பிக் கடன்படாதேங்கோ. பெரிய பிராண்டின் பெயரை ஒட்டி அரை விலைக்கு விற்கிற போலிகளை விட, பெயர் தெரியாத ஆனால் அளவீடுகள் வெளியான சாமான் எவ்வளவோ மேல்.

வாங்கின பிறகு கூடுதலான ஆக்கள் கவனிக்காத ஒன்று, பெட்டிக்குள் வாற சின்ன ரப்பர் முனைகள். சிறிது, நடு, பெரிது என்று மூன்று அளவில் இருக்கும். நடு அளவைப் போட்டுக்கொண்டு மற்ற இரண்டையும் லாச்சிக்குள் எறிந்துவிடுகிறார்கள். முனை சரியாகப் பொருந்தாவிட்டால் முதலில் காணாமல் போகிறது பேஸ். பேஸ் இல்லாவிட்டால் கை தானாக வொலியூமுக்குப் போகும். ஆகவே "பேஸ் காணாது" என்று நினைக்கும்போது வொலியூமைத் தொடாமல் முனையை மாற்றிப் பாருங்கோ. இரண்டு காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படுகிற ஆக்களும் இருக்கிறார்கள்.

ஸ்டூடியோ ஹெட்போன்களின் படங்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டு விசயம். 250, 300 ஓம் என்று எழுதின ஹெட்போனைப் போனில் நேராகக் கொழுவினால் சத்தம் வராமல் மெலிந்து கிடக்கும், தனியாக ஒரு அம்ப் தேவை. பின்பக்கம் திறந்த ஹெட்போன்கள் விசாலமாகக் கேட்கும், ஆனால் வெளிச் சத்தம் முழுக்க உள்ளே வரும், உங்கட பாட்டு முழுக்க வெளியே போகும். நாலு பேர் இருக்கிற போடிங் ரூமுக்கு அது சரிவராது.

சரி, வொலியூமைக் குறைத்துவிட்டு எதைக் கேட்கிறது? நன்றாகத் தெரிந்த பாட்டிலிருந்து தொடங்குங்கோ. 'ரோஜா' வந்தது 1992இல். எங்களில் கனபேர் பிறக்கும் முன்னமே வந்து, பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் ஆயிரம் தடவை கேட்டுப் பழகின பாட்டுகள். அவற்றைச் சின்னச் சத்தத்தில் கேட்டால், பின்னால் ஒருதரும் கவனிக்காமல் கிடந்த ஓசைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். இல்லாவிட்டால் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் ஒலிப்பதிவு ஒன்றை எடுங்கோ. ஒரு பக்கத்தில் விரற்கூடு விழுகிற கூர்மையும் மற்றப் பக்கத்தில் கழி விழுகிற கனமும் தனித்தனியாகக் கேட்கிறதா? பழைய பதிவு, கொஞ்சம் இரையும். ஆனாலும் அந்த வித்தியாசம் விளங்கினால் உங்கட ஹெட்போன் நல்லது. வொலியூமைக் கூட்டினால் இந்த வித்தியாசம் கூடாது, எல்லாம் சேர்ந்து ஒரே அடியாகத்தான் விழும்.

பாதுகாப்பு என்றால் காதுக்கு உள்ளே மட்டும் இல்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் தண்டவாளத்தால் ஹெட்போனோடு நடந்துபோகிற ஆக்களைப் பார்க்கிறோம். அப்படி நடந்து ரெயிலில் அடிபட்ட செய்திகளையும் வாசிக்கிறோம். 1979இல் வந்த சோனியின் முதலாவது வோக்மனில் ஒரு செம்மஞ்சள் பட்டன் இருந்தது. அமத்தினால் பாட்டு அடங்கி, பக்கத்தில் கதைக்கிறவரின் குரல் காதுக்கு வரும். தனியாகக் கேட்கிற கருவியைப் பிரபலமாக்கினவர்களுக்கே வெளியுலகத்துக்கு ஒரு கதவு வேணும் என்று விளங்கியிருக்கிறது. றோட்டில், தண்டவாளத்தில், மோட்டார் சைக்கிளில் ஹெட்போன் வேண்டாம். இதில் விட்டுக்குடுக்க ஒன்றும் இல்லை.

மற்றதெல்லாம் சின்னப் பழக்கங்கள். வொலியூம் 60 வீதத்துக்கு மேல் போகாமல் போனிலேயே எல்லை போடலாம். ஐபோனில் 'ஹெட்போன் சேஃப்டி' என்ற இடத்தில் டெசிபல் அளவே வைக்கலாம். கேட்டு முடிந்த பிறகு காதுக்குள் 'ங்ங்ங்' என்று இரைந்தால், அல்லது பஞ்சு அடைத்த மாதிரி இருந்தால், அது எச்சரிக்கை. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் "நாளைக்குச் சரியாகும்" என்று இருக்காமல் அண்டைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. நாட்கள் கடக்கக் கடக்க அதற்குரிய மருந்தின் பலன் குறைந்துகொண்டே போகும்.

ஒரு மறுப்பு எங்களுக்கும் கேட்கிறது. "கோயில் ஸ்பீக்கர், கல்யாண வீட்டு டிஜே, பஸ் பாட்டு எல்லாம் காதைக் கிழிக்குது. அதை விட்டிட்டு எங்கட ஹெட்போனுக்கு ஏன் வகுப்பெடுக்கிறீங்கள்?" ஞாயமான கேள்வி. இளம் ஆக்களைப் பார்த்து "ஹெட்செட்டைக் கழட்டு" என்று சொல்லுகிற அதே சமூகம்தான் விடிய நாலு மணிக்கு ஒலிபெருக்கியைத் திறந்துவிடுகிறது. இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் ஒலிபெருக்கி கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் கட்டளையிட்டது. கட்டளை இருக்கிறது, கேட்பார் இல்லை. பஸ்ஸில் வொலியூமைக் கூட்டுகிறவர் நாற்பது பேரின் காதுக்கும் சேர்த்து முடிவெடுக்கிறார். அவருக்கு மேலால் பாட்டுக் கேட்பதற்கு நாங்கள் இன்னும் கூட்டுகிறோம்.

ஆகவே இரண்டும் வேணும். பொருந்துகிற ஒரு இயர்போனை வாங்கி, குறைந்த சத்தத்தில் கேட்டுப் பழகுவது எங்கட கையில் இருக்கிறது. அடுத்த முறை இரவு பஸ்ஸில் ஏறும்போது கொண்டக்டரிடம் "அண்ணை, பாட்டைக் கொஞ்சம் குறைக்கேலுமே?" என்று கேட்பதும் எங்கட கையில்தான். முதலில் கேட்கிறவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். பின் சீற்றில் நித்திரை கொள்ள முடியாமல் இருக்கிற அம்மா ஒருத்தி கட்டாயம் "ஓம் தம்பி, குறைக்கச் சொல்லு" என்பார்.